இரண்டாயிரம் முழம்

லண்டனில் யாரிடமாவது தூரத்தைக் கேட்டால் நேரத்தைச் சொல்வார்கள். ஸ்ட்ரெதத்திலிருந்து லூயிஷாமுக்கு எவ்வளவு தூரம் என்று மகளிடம் ஒருமுறை கேட்டேன். ஒரு மணித்தியாலம் என்றாள். அது நேரம், நான் கேட்டது தூரம் என்றேன்.

"பஸ்ஸிலைதானே அப்பா போறியள், மைல் தெரிஞ்சு என்ன செய்யப் போறியள்? பென்ஷன் எடுத்தும் ரோட்டுப் போடப் போறியளே?"

நான் மலாயாவில் நில அளவைக் கந்தோரில் முப்பத்தொரு வருடம் வேலை பார்த்தவன். அதனால் வந்த கேலி. ஆனால் அவள் சொன்னதில் பிழையில்லை. வேதாகம காலத்து மனிதர்களும் அப்படித்தான் சொன்னார்கள். ஊருக்கு ஊர் ஒருநாள் பிரயாணம், மூன்று நாள் பிரயாணம். கிட்டடி என்றால் கல்லெறி தூரம், அம்பு பாயும் தூரம். கல்லை எறிந்தவன் யார், அவன் கை எவ்வளவு பலமான கை என்று எவரும் எழுதி வைக்கவில்லை. இந்தக் குறை என்னை நாற்பது வருடத்துக்கு மேலாக உறுத்திக்கொண்டிருக்கிறது.

ஒன்று விட்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை லூயிஷாமுக்குப் போகிறேன். அங்கே ஒரு முதியோர் இல்லத்தில் என் மாமி இருக்கிறாள். என் தகப்பனாரின் தங்கை. வயது எண்பத்தேழு. என் வீட்டுக் கதவிலிருந்து பஸ் நிற்கும் இடத்துக்கு இருநூற்றுப் பதினான்கு காலடி. போன மாரிக்கு நூற்றுத் தொண்ணூற்றாறாக இருந்தது. வீதி நீளவில்லை, என் எட்டுத்தான் குறுகிவிட்டது. இரண்டு பஸ், நாற்பத்து மூன்று தரிப்பு. இல்லத்து வாசலிலிருந்து மாமியின் கட்டிலுக்கு எண்பத்தெட்டு அடி. மூன்று முறை போனால் ஒருமுறை என்னை அடையாளம் கண்டுகொள்கிறாள். அப்போது மட்டும் கேட்பாள்:

"கனதூரம் வந்தனியோ, தம்பி?"

ஒரு மணித்தியாலம், மாமி, என்பேன். அவளுக்கு முன்னால் நான் எந்தத் தூரத்தையும் அடியிலோ முழத்திலோ சொல்வதில்லை.

எனக்கு அப்போது ஒன்பது வயது. ஜப்பான்காரர் பிடித்து வைத்திருந்த மலாயாவின் வடக்கே, ரயில் நிற்கும் ஒரு சிறிய பட்டணத்தில் இருந்தோம். ஐயா, என் தகப்பனார், யாழ்ப்பாணத்திலிருந்து அங்கே மிஷன் பள்ளிக்கூடத்துக்கு வாத்தியாராகப் போனவர். மாமியின் புருஷனுக்கு ரயில்வேயில் எழுத்து வேலை. கலியாணம் முடிந்து பதினாலு மாதத்தில், சயாமுக்குப் போடுகிற புதுத் தண்டவாளத்தில் வேலை என்று ஜப்பான்காரர் அவரைக் கூட்டிக்கொண்டு போனார்கள். மூன்று மாதத்தில் திருப்பி அனுப்புவோம் என்றார்கள். ஒரு தகரப்பெட்டியோடு போனார். மாமி ஒரு தகரப்பெட்டியோடு எங்கள் வீட்டுக்கு வந்தாள். மூன்று மாதம் ஆறாகி, பன்னிரண்டாகியது. கடிதம் ஒன்றும் வரவில்லை.

ஐயா ஒரு பொருத்தனை செய்தார். தங்கையின் புருஷன் உயிரோடு திரும்பும்வரை எங்கள் வீட்டில் எவரும் ஞாயிற்றுக்கிழமைகளில் ஓய்வுநாள் பிரயாண தூரத்துக்கு மேல் போவதில்லை என்பது பொருத்தனை. பழைய யூதர்கள் ஓய்வுநாளில் அவ்வளவுதான் நடப்பார்களாம். ஒலிவமலையிலிருந்து எருசலேமுக்கு உள்ள தூரம். இரண்டாயிரம் முழம். சபையில் இதைக் கேட்டவர்கள் ஐயாவுக்கு மூளை காய்ந்துவிட்டது என்று பேசிக்கொண்டார்கள். மரவள்ளிக்கிழங்கைத் தவிர வேறு சாப்பாடு இல்லாத காலத்தில் யாருக்கு இரண்டாயிரம் முழத்துக்கு மேல் நடக்கத் தெம்பு இருந்தது என்று அம்மாவும் முணுமுணுத்தாள். மாமி மட்டும் அதை முழுமனதாக நம்பினாள். பொருத்தனையை ஐயா வாயால் செய்தார், காவல் காத்தவள் மாமி.

இரண்டாயிரம் முழம் எதுவரை என்று அளக்கவேண்டும். ஐயாவுக்கு அந்தக் கிழமை மலேரியாக் காய்ச்சல். பள்ளிக்கூடத்து அளவுநாடாவையும் பட்டாளத்துக்காரர் கொண்டுபோய்விட்டார்கள். அந்தக் காலத்து ஆட்களிடம் நாடாவா இருந்தது, ஆண்டவன் தந்த கைதான் அளவுகோல் என்று சொல்லி, போர்வைக்குள் நடுங்கிக்கொண்டே வேலையை என்னிடம் விட்டார். ஸ்டேஷன் அந்த அளவுக்குள் வரும் என்றுதான் நினைக்கிறேன் என்றும் சொன்னார். குசினியில் கிழங்கு சுரண்டிக்கொண்டிருந்த மாமி அதைக் கேட்டுத் தலையை நிமிர்த்தினாள்.

எண்ணுவதென்றால் எனக்கு அப்போதே பைத்தியம். என் முழங்கையிலிருந்து நடுவிரல் நுனிவரை வைத்து வைத்து இருபது முழக் கயிறு ஒன்று எடுத்தேன். வீட்டு வாசலிலிருந்து ஸ்டேஷன் வீதியில் அதை நூறு தடவை போட்டேன். ஒவ்வொரு தடவைக்கும் ஒரு ரப்பர் விதையை இடப்பக்கச் சட்டைப் பையிலிருந்து வலப்பக்கத்துக்கு மாற்றினேன். நூறாவது விதை மாறியபோது பன்னிரண்டாவது தந்திக் கம்பத்துக்குப் பக்கத்தில் நின்றேன். கம்பத்தில் சுண்ணாம்பால் ஒரு கோடு இழுத்தேன். அதற்கு அப்பால் சரக்குக் கொட்டகை. கொட்டகைக்கு அப்பால் வளைவு. ஸ்டேஷன் வளைவுக்குப் பின்னால் இருந்தது.

வந்து சொன்னேன். மாமியின் கத்தி கிழங்கில் நின்றுவிட்டது.

"நூறு விதையும் மாறினதோ?" என்று ஐயா கேட்டார்.

"ஓம் ஐயா."

"அப்ப அளந்தது அளந்ததுதான்."

சண்டை முடிந்து ஜப்பான்காரர் கையைத் தூக்கியபின், சயாமிலிருந்து ஆட்கள் திரும்பத் தொடங்கினார்கள். ரயிலுக்கு நேரம் காலம் இல்லை. மாமி கிழமையில் ஆறு நாளும் காலையிலேயே ஸ்டேஷனுக்குப் போய்விடுவாள். கையில் ஒரு போத்தல் தண்ணீர், வாழையிலையில் சுற்றிய அவித்த கிழங்கு. இறங்குகிற ஒவ்வொருவரிடமும் கேட்டுவிட்டு, கிழங்கை அவர்களில் ஒருவருக்குக் கொடுத்துவிட்டு, போத்தலோடு திரும்புவாள். ஏழாம் நாள் கோயில் ஆராதனை முடிந்ததும் பன்னிரண்டாவது கம்பத்தடியில் போய் நிற்பாள். அங்கிருந்து ஸ்டேஷன் தெரியாது. ரயில் வந்தால் கொட்டகைக் கூரைக்கு மேல் புகை மட்டும் தெரியும்.

ஒரு ஞாயிறு நானும் கூட நின்றேன். மத்தியானத்துக்குக் கொஞ்சம் முன்னால் புகை வந்தது. மற்ற நாட்களில் ரயில் மூன்று நான்கு நிமிடத்தில் போய்விடும். அன்று புகை நின்ற இடத்திலேயே நின்றது. நான் வழக்கம்போல் நொடிக்கு ஒன்றாக எண்ணத் தொடங்கினேன். முந்நூறு. நானூறு. மாமி கோட்டுக்கு அப்பால் ஒரு காலை வைத்தாள். பிறகு எடுத்துக்கொண்டாள். அறுநூறு எண்ணும்போது என் தோளைப் பிடித்தாள்.

"தம்பி, நீ சரியா அளந்தனியே?"

"ஓம் மாமி. ஒண்டும் பிசகேல்லை."

"இன்னும் கொஞ்சம் தள்ளி வராதோ?"

எண்ணிக்கை குழம்பிவிடும் என்ற எரிச்சலில் நான் தலையை மட்டும் ஆட்டினேன், வராது என்று. அவள் பிறகு கேட்கவில்லை. ஓடிப்போய்ப் பார்த்து வா என்று என்னை அனுப்பவும் இல்லை. பொருத்தனை என்னையும் சேர்த்துத்தானே. நாங்கள் கோட்டைத் தாண்டினால் அங்கே அவருக்கு ஏதாவது ஆகிவிடும் என்று அவள் பயந்தாள். ஆயிரத்து முந்நூற்று நாற்பது எண்ணியபோது புகை நகர்ந்தது. போத்தல் தண்ணீரை மாமி கம்பத்தடியில் ஊற்றிவிட்டாள். அன்று வழியெல்லாம் எனக்கு முன்னால் விறுவிறுவென்று நடந்தாள்.

திங்கட்கிழமை காலையில் ஸ்டேஷன் போர்ட்டர் வீட்டுக்கு வந்தார். தோட்டத்தில் பிறந்து ரயில்வேக்கு வந்த தமிழர். படிக்கு வெளியிலேயே நின்று, துண்டைக் கையில் பிடித்துக்கொண்டு சொன்னார். நேற்று வந்தது சீக்காளிகளை ஏற்றி வந்த வண்டி. தண்ணீர் பிடிக்க அவ்வளவு நேரம் நின்றது. உள்ளே படுத்திருந்த ஒருவர் எங்கள் ஐயாவின் பெயரைச் சொன்னாராம்.

"வாத்தியார் வீட்டுலேருந்து யாரும் வரலையான்னு மூணு தடவ கேட்டாருங்க. நான் ஒத்தையா அம்பது பேருக்குத் தண்ணி குடுத்துக்கிட்டு இருந்தேன். வர முடியலைங்க."

தெற்கே பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள் என்றார். அடுத்த ரயில் புதன்கிழமைதான் வந்தது. ஐயாவும் மாமியும் அதில் போனார்கள். அவர்கள் போய்ச் சேருவதற்கு முந்திய இரவே அவர் முடிந்துவிட்டார். மண் போட்ட இடத்தை மட்டும் காட்டினார்களாம்.

ஐயா அதைத் தன் வழியில் விளங்கிக்கொண்டார். கடைசிவரை தூரத்தைக் காத்தோம், ஆண்டவருடைய சித்தம் வேறாக இருந்தது, எங்கள் பக்கத்தில் குறையில்லை என்று சபையில் எழுந்து சாட்சி சொன்னார். அதற்குப் பிறகும் ஆண்டுக்கு இரண்டு மூன்று முறையாவது சொல்வார். சாகும்வரை சொன்னார். பெண்கள் பக்கத்து வாங்கில் மாமி தலையைக் குனிந்தபடி கேட்டுக்கொண்டிருப்பாள்.

இருபத்தாறாவது வயதில், கந்தோர் வேலையாக அந்தப் பட்டணத்துக்குப் போனேன். வேலை முடிந்த மாலையில் அளவுச் சங்கிலி பிடிக்கிற சங்கிலிக்காரனைக் கூட்டிக்கொண்டு ஸ்டேஷன் வீதிக்குப் போய் அளந்தேன். எங்கள் பழைய வாசலிலிருந்து ஸ்டேஷன் மேடைக்குத் தொள்ளாயிரத்து மூன்று கஜம். பெரிய ஆளுடைய முழம் பதினெட்டு அங்குலம். இரண்டாயிரம் முழம் ஆயிரம் கஜம். மேடையையும் தாண்டிப் போகிற தூரம். பன்னிரண்டாவது கம்பம் எழுநூற்றைம்பதில் இருந்தது. எழுநூற்றைம்பது கஜத்தை இரண்டாயிரத்தால் பிரித்தால் பதின்மூன்றரை அங்குலம் வரும். ஒன்பது வயதுப் பிள்ளையின் முழம். மாமி நின்ற இடத்திலிருந்து மேடைக்கு நூற்றைம்பத்து மூன்று கஜம். பெண்பிள்ளை நடந்தால் இரண்டு நிமிடம் போதும். ரயில் இருபத்திரண்டு நிமிடம் நின்றது. பதினொரு தடவை போய்ச் சேர்ந்திருக்கலாம். வீதியோரத்தில் நெடுநேரம் இருந்துவிட்டேன். பொழுது பட்டுவிட்டது, போகலாமா ஐயா என்று சங்கிலிக்காரன் கேட்டான்.

அன்று வீதியோரத்தில் உட்கார்ந்திருந்தபோதுதான் இன்னொன்றும் ஞாபகத்துக்கு வந்தது.

ஆஸ்பத்திரியிலிருந்து அவர்கள் திரும்பி ஒரு கிழமை இருக்கும். நான் வாசற்படியில் இருந்து ரப்பர் விதைகளை நிரையாக அடுக்கிக்கொண்டிருந்தேன். வெள்ளைச் சேலையில் மாமி வந்து பக்கத்தில் அமர்ந்தாள். என் கையை எடுத்தாள். தன் முழங்கையையும் என் முழங்கையையும் படியில் ஒன்றாக ஊன்றி, இரண்டு கைகளையும் சேர்த்து நிமிர்த்தினாள். என் விரல் நுனி அவளுடைய உள்ளங்கையின் மேல்பக்கத்தில் நின்றுவிட்டது. மிச்ச இடத்தில் தன் மற்றக் கையின் விரல்களைப் படுக்கவைத்துப் பார்த்தாள். நாலு விரல் சரியாகப் பிடித்தது.

ஏதோ விளையாட்டு என்று நினைத்து நான் சிரித்தேன். பன்னிரண்டு வயதில் அந்த நாலு விரலும் வளர்ந்துவிடும், மாமி, என்றேன்.

"ஓம் ராசா. வளந்திடும்."

எவ்வளவு நேரம் அப்படியே இருந்தாள் என்று நான் எண்ணவில்லை. என் வாழ்க்கையில் நான் எண்ணாமல் விட்ட நேரம் அது ஒன்றுதான். பிறகு என் சட்டைக் கையை இறக்கிவிட்டு, மணிக்கட்டில் பொத்தானைப் போட்டாள்.

"இதை ஐயாவிட்டைச் சொல்லாதை."

சொல்லவில்லை. என் கை கட்டை என்று தெரிந்தால் ஐயா இனிமேல் என்னை அளக்க விடமாட்டார் என்பதற்காகத்தான் மாமி மறைக்கிறாள் என்று நினைத்தேன். அவள் என் பக்கம் நிற்கிறாள் என்று அன்றைக்கு முழுவதும் எனக்குச் சந்தோஷமாக இருந்தது.