அலையரசன் எடுத்த படம்

கல்லூரியில் அவனுக்கு அலையரசன் என்று பட்டப்பெயர். சூட்டிக்கொண்டதும் அவனேதான். முடியின் நுனியைச் சாயம் போட்டு வெளுக்க வைத்து, வகுப்புக்குப் போகுமுன் உப்புத்தண்ணீரைப் பீய்ச்சிக்கொள்வான். கடலில் முழங்காலுக்கு மேல் நனைந்தது கிடையாது. அவன் இறுதியாண்டுக்கு எடுத்த பரிசோதனைக் குறும்படமோ, பலகையில் நின்று அலைமேல் போகும் அலைச்சறுக்கைப் பற்றியது.

சறுக்கத் தெரிந்தவள் அவன் அக்கா. கடற்கரைக் கொட்டகையில் வாடகைக்கு விடும் சறுக்குப் பலகைகளைக் கழுவி அடுக்கும் வேலை அவளுக்கு. வேலை முடிந்தபின் அவற்றில் ஒன்றைத் தூக்கிக்கொண்டு போய், விழுந்து எழுந்து, தானாகக் கற்றவள். அங்கே பயிற்சியாளர் இடம் காலியாகியிருந்தது. வெளியூரிலிருந்த முதலாளி, சறுக்கும் வீடியோவை வெள்ளிக்கிழமைக்குள் அனுப்பச் சொல்லியிருந்தார்.

"உன் படத்துல நான் சறுக்குறேன். என் மூஞ்சியும் காலும் தெளிவாத் தெரியணும். அதை எனக்குக் குடுத்துடு."

"உலகத்துக்கே தெரியும்க்கா."

படப்பிடிப்பன்று, உதவி செய்கிறேன் பேர்வழி என்று பலகையின் அடிப்பக்கம் மெழுகு தேய்த்து வைத்திருந்தான்.

"என்னடா இது?"

"நல்லா வழுக்கிட்டுப் போகட்டும்னு."

"கால் வழுக்காம இருக்கத்தாண்டா மெழுகு. மேல தேய்க்கணும்."

சுரண்டி எடுப்பதற்குள் பாதிக் காலை போயிற்று.

வியாழக்கிழமை கல்லூரியில் திரையிட்டார்கள். நெடுநேரம் நுரை, மணல், அலையரசனின் கால்விரல். பிறகு அக்கா வந்தாள்: தலைகீழாக, பின்னோக்கி, கரையிலிருந்து கடலுக்குள். கழுத்துக்கு மேல் ஒன்றும் இல்லை.

"இந்த உருவம் யாருப்பா?" என்றார் ஆசிரியர்.

"மனித ஆன்மா சார்."

"ஆன்மாவும் இல்ல, ஆட்டுக்குட்டியும் இல்ல சார்," என்றாள் படம் பார்க்க வந்து பின்வரிசையில் உட்கார்ந்திருந்தவள். "நான் இவன் அக்கா."

வெளியே வந்ததும் கேட்டாள். "எடுத்ததெல்லாம் எங்கடா?"

"அழிச்சிட்டேன்க்கா. அலை மிச்சம் வைக்குமா? அதான் படத்தோட தத்துவமே."

"இந்தத் தத்துவத்துக்குத்தான் அம்மா ரெண்டு இடத்துல வேலை பாக்குறாங்க."

மறுநாள் விடிந்ததும் அவனை இழுத்துப்போய் இடுப்பளவு தண்ணீரில் நிறுத்தி, தன் கைபேசியைக் கையில் திணித்தாள்.

"ஆடாமப் பிடி."

"கோணம் எப்படின்னு யோசிச்சு..."

"யோசிக்காத. உன் யோசனையப் பாத்து ஊரே சிரிச்சாச்சு."

அலை வந்து மார்பில் மோதியது. கண்ணை இறுக மூடிக்கொண்டு, பயத்தில் விறைத்துப்போய் நின்றான். விறைத்ததால் கை ஆடவில்லை. அக்கா நேராக, முகமும் காலுமாக வீடியோவில் பதிந்தாள்.

திங்கட்கிழமை முதல் பயிற்சியாளராக வரச் சொல்லி முதலாளியிடமிருந்து பதில் வந்தது. தம்பியின் படத்துக்கு என்ன மதிப்பெண் என்று அவள் கேட்கவே இல்லை.