வாய்ப்பலகையும் மணைப்பலகையும்

எங்கள் தந்தையார் விட்டுச்சென்ற பொருள்களுள் பொருளென்று சொல்லத்தக்கது ஒரு மணைப்பலகை மட்டுமே. மூத்த மகனின் திருமணத்துக்கென்று முதிரை மரத்தில் அவரே இழைத்தது அது. மேல்முகத்தில் தாமரையொன்றைச் செதுக்கியிருந்தார். அதன்மேல் அமர்ந்தே அண்ணியார் தாலி ஏற்றார்; பின்னர் என் மனைவியும் ஏற்றாள். பெண்மக்கள் வளர்ந்தபோது, அவர்களும் அப்பலகையிலேயே அமர்வர் என்பதில் எங்கள் இரு குடும்பத்தார்க்கும் ஐயமே இருந்ததில்லை.

அதன்பின் இந்திய அரசும் இந்நாட்டு அரசும் ஒப்பந்தம் செய்து எங்கள் தோட்டத் தமிழரைப் பங்கிட்டுக்கொண்டன. இரத்தோட்டைப் பக்கத்துத் தோட்டமொன்றில், தொழிலாளர் வரிசைவீடான லயத்தின் ஒரே அறையில் பிறந்து வளர்ந்தவர்கள் நாங்கள். அண்ணன் குடும்பத்துக்கு இந்தியக் கடவுச்சீட்டு வந்தது. எனக்கு இந்நாட்டுக் குடியுரிமை கிடைத்தது. ஏன் அவருக்கு அது, எனக்கு இது என்று கேட்பதற்கு எவரும் இருக்கவில்லை.

நாங்கள் இருவரும் அப்போது மாத்தளை நகரில் முஸ்லிம் வணிகர் ஒருவரின் மரத்தொழிற்கூடத்தில் வேலைசெய்தோம். எனக்குப் பகலில் மரமும் மாலையில் இலக்கணமுமாகக் கழிந்த காலம் அது. கூடத்தில் அந்நாளில் மிகுதியாகச் செய்யப்பட்டவை பயணப் பெட்டிகளே. தோட்டங்களிலிருந்து பேருந்தில் வந்து இறங்குவோர், பாத்திர பண்டங்களின் அளவைக் கையால் காட்டிப் பெட்டி கேட்பர். அவர்களுக்கெல்லாம் பெட்டி அடித்துக்கொடுத்த அண்ணன் தமக்குரிய பெட்டியை இறுதிவரை தொடவில்லை. புறப்படும் நாள் அறிவிக்கப்பட்ட பின்னரே அதற்குப் பலகை தெரிந்தெடுத்தார்.

அன்று மாலை அவர் வீட்டில் பேச்சு மணைப்பலகையின்மேல் விழுந்தது.

"மூத்த மருமக நான். எனக்குன்னு செஞ்ச பலகை. எம் மகளுக்குத் தான் சேரணும்," என்றார் அண்ணியார்.

என் மனைவி விட்டுக்கொடுக்கவில்லை. "நீங்க எல்லாத்தையும் கட்டிக்கிட்டுப் போறீங்க அக்கா. மாமா கைபட்டது ஒண்ணாவது இங்க இருக்கட்டுமே."

"போறேனா? நானா போறேன்? தொரத்துறாங்கடி!"

அண்ணன் பலகையை எடுத்துத் துணியில் சுற்றினார். மறுநாள் தொழிற்கூடத்துக்குக் கொண்டுவந்து வட்டவாளின் அருகே வைத்தார். செய்தியறிந்த முதலாளி நகைத்தார்; தச்சரைப் 'பாஸ்' என்றே அவர் அழைப்பது.

"என்ன பாஸ், அண்ணன் தம்பி அடிச்சிக்கிறத்துக்கு ஒரு பலகையா கெடச்சிச்சி? பொளந்து ஆளுக்குப் பாதி எடுங்களேன்."

நகைப்புக்காகச் சொன்னதுதான். அண்ணன் நகைக்கவில்லை. பலகையை விளிம்பில் நிறுத்தி அதன் தடிப்பைப் பெருவிரலால் அளந்தார். இரு விரற்கடைக்குச் சற்று மிகுதி. நீளமும் அகலமும் குறையாமல், தடிப்பை மட்டும் நடுவே பிளந்தால் ஆளுக்கொரு முழுப்பலகை கிடைக்கும்.

"பொளப்போம்டா தம்பி," என்றார்.

வட்டவாளின் மேசையில், வாள் வெளிவரும் வாயை ஓர் இரும்புத் தகடு மூடியிருந்தது. பலவகை வாள்களுக்கும் பொருந்துமாறு அதன் பிளவு அகலமாக வெட்டப்பட்டிருந்தது. வாளின் இருமருங்கிலும் விரல் நுழையும் இடைவெளி. பெட்டிப் பலகைக்கு அது போதும். ஆனால் விளிம்பில் நிறுத்தி அறுக்கும் மெல்லிய பலகை அவ்விடைவெளியில் அமிழ்ந்து சாயும். சாய்ந்தால் வாள் மரத்தைக் கடித்து எறியும். எறிந்த மரத்தை மீண்டும் பலகையாக்க இயலாது. ஆகவே வாளைச் சற்றும் இடைவெளியின்றிப் பற்றும் வேறொரு வாய்ப்பலகையை முதலில் செய்ய வேண்டியிருந்தது.

அதற்குப் பலாப்பலகையை எடுத்தோம். இரும்புத் தகட்டைக் கழற்றி அதன்மேல் வைத்து வடிவத்தைக் கீறினேன். அண்ணன் அறுத்து, மூலைகளை அரத்தால் வளைத்து, வாயில் பொருத்திப் பொருத்திப் பார்த்தார். பக்கங்களில் ஆட்டம் இருத்தல் ஆகாது. மேசை மட்டத்துக்கு மேலே மயிரிழையும் நிற்றல் ஆகாது. கண்ணை மூடிக்கொண்டு விரல்நுனியை மேசையிலிருந்து பலகைக்கும் பலகையிலிருந்து மேசைக்கும் ஓட்டினார். பல தடவை இழைப்புளி போட்ட பின்னரே, மரம் எங்கே தொடங்குகிறது, இரும்பு எங்கே முடிகிறது என்று விரலுக்குத் தெரியாமற் போயிற்று.

அப்போது அது பிளவே இல்லாத முழுப்பலகை. வாள்தான் தனக்குரிய வழியைத் தானே அறுத்துக்கொள்ள வேண்டும். எங்கள் இயந்திரத்தில் வாள் நிலையானது. மேசையே கைச்சக்கரத்தால் ஏறி இறங்கும். மேசையை உயர்த்தி வாளை மறைத்தோம். வாய்ப்பலகையின் குறுக்கே தடித்த கட்டையொன்றை வைத்து நான் இரு முனைகளிலும் அழுத்திப் பிடித்தேன். அண்ணன் இயந்திரத்தை முடுக்கிவிட்டுக் கைச்சக்கரத்தைப் பற்றினார்.

"வாள் எங்க வரும்னு தெரியும்ல?"

"தெரியும்ண்ணே."

"கைய அங்க வைக்காத. உன் அண்ணிகிட்ட என்னால பதில் சொல்ல ஏலாது."

மேசை மெல்ல இறங்கியது. முதலில் உள்ளங்கையில் ஓர் அதிர்வு. பின்னர் பலாவின் மஞ்சள் தூள். அதன்பின் பற்களின் நுனி. மேசை மேலும் இறங்க, வாள் தன் பருமன் எவ்வளவோ அவ்வளவே வழி திறந்து வெளிவந்தது. இயந்திரத்தை நிறுத்திய பின்னும் நாங்கள் இருவரும் கையெடுக்காமல் நின்றோம். பல்லாண்டுகள் அருகருகே வேலைசெய்தும் அவ்வாறு ஒரே மேசையை இருவரும் பற்றி நின்றது அதுவே முதல் தடவை.

பிறகு மணைப்பலகையை விளிம்பில் நிறுத்தினோம். அண்ணன் தள்ள, மறுபுறத்திலிருந்து நான் வாங்கினேன். புதிய வாய்ப்பலகையின்மேல் அது சாயவில்லை, நடுங்கவில்லை. ஒரு விளிம்பிலிருந்து வாள் எட்டும் ஆழம் அறுத்தபின் கவிழ்த்து மறுவிளிம்பிலிருந்து அறுத்தோம். நடுவே எஞ்சியதைக் கைவாளால் அண்ணன் அறுத்தார். இரு பலகைகளும் பிரிந்தபோது உள்முகங்கள் மஞ்சளாய், ஈரமுள்ளவைபோல் மின்னின. தந்தையார் காணாத முகங்கள் அவை.

எங்களுக்குச் சோறு கொண்டுவந்த அண்ணியார் தரையைப் பார்த்தார். "அந்தத் தூளையும் பங்கு போட்டுக்குங்க. அத மட்டும் ஏன் விடுறீங்க?"

தாமரை செதுக்கிய மேற்பாதியை நானே அண்ணனிடம் நீட்டினேன். அடிப்பாதி எனக்கு, அதன் அறுத்த முகமே இனி மேல்முகம். அண்ணன் வாங்கிக்கொண்டார், ஆயினும் உடனே துணியில் சுற்றவில்லை.

"பொளந்த பலகைய உடனே பிரிக்கக் கூடாதுடா. இடையில சட்டம் வச்சு, மேல பாரம் ஏத்தி, ஒரு மாசமாச்சும் காத்தாடப் போடணும். இல்லாட்டி ரெண்டும் வளைஞ்சிரும்."

"அப்படியே போடுவோம்ண்ணே."

"போடலாம். கப்பல் நிக்குமா?"

கப்பல் நிற்கவில்லை. மாத்தளைப் புகையிரத நிலையத்தில் அவர்களை வழியனுப்பினோம். தலைமன்னார்வரை உடன்செல்ல எனக்கு விடுப்புக் கிடைக்கவில்லை. பெட்டியின் அடியில், சேலைகளுக்கு நடுவே மேற்பாதி இருந்தது. வண்டி நகர்ந்தபோது அண்ணன் என்னைப் பார்த்துக் கையசைக்கவில்லை. உள்ளங்கையைத் தட்டையாக வைத்து, பின்னர் மெல்ல வளைத்துக் காட்டினார். பாரம் ஏற்றி வை என்பது பொருள்.

ஏற்றினேன். அம்மிக்கல்லையே ஏற்றி வைத்தேன். ஆனால் ஒரு முகம் பழையதாகவும் மறுமுகம் புதியதாகவும் உள்ள பலகை கல்லுக்குக் கட்டுப்படுவதில்லை. அடுத்த மழைக்காலம் வருமுன் அறுத்த முகம் குழிந்துவிட்டது. தரையில் வைத்தால் தொட்டில்போல் ஆடியது. இழைத்து மட்டமாக்கத் தடிப்பும் போதவில்லை. தொழிற்கூடத்தில் வட்டவாளை மாற்றினர். புதிய வாளின் பற்கள் அகன்றவை, எங்கள் வாய்ப்பலகை அதற்கு ஒவ்வவில்லை. பசை காய்ச்சும் அடுப்பில் எவரோ அதை எரித்துவிட்டனர்.

அண்ணன் பகுதியின் கதி, அங்கிருந்து உறவினரைப் பார்க்க வந்த ஒருவர் வாய்மொழியாகத் தெரிந்தது. அதுவும் உள்முகம் குழிந்ததால், தாமரை இருந்த முகம் மேடாகிவிட்டதாம். மேடு விழுந்த மணையில் பெண் அமர்தல் கூடாதென்று மாப்பிள்ளை வீட்டார் தம் மணையையே கொண்டுவந்தனராம். அண்ணன் மகள் அதில் அமர்ந்தே தாலி ஏற்றாள்.

என் மகளின் திருமணத்தின்போது வேறு மணை இடுவோம் என்றேன். அவள் இசையவில்லை.

"வேணாம்ப்பா. அக்காவுக்குத்தான் குடுத்து வைக்கல. நானாவது தாத்தா பலகையில உக்காருறேன்."

"ஆடும் புள்ள."

"ஆடாம உக்காந்துக்கிறேன்."

மணவறையில் புகை சூழ, அவள் முழங்கால்களை ஒடுக்கி, மூச்சையும் அடக்கியவள்போல் அமர்ந்திருந்தாள். மந்திரம் முடியும்வரை தலையும் திரும்பவில்லை. எனக்குப் பின்னால் இருந்த பெண்ணொருத்தி பக்கத்திலிருந்தவளிடம் வியந்து சொன்னாள்: "பாத்தீங்களா, என்ன அடக்கம்! அந்தண்ட இந்தண்ட ஒரு அசைவு இருக்கா?"

நான் என் மகளின் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். சேலை மடிப்புக்குள் அவை பலகையின் இரு விளிம்புகளையும் வெளுத்துப்போகுமளவு இறுகப் பற்றியிருந்தன.