சாக்பீஸ் குறி வைத்துப் பிடித்தேன்

மூணாம் வகுப்புக்கு மேல் நான் படிக்கவில்லை. மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் ரப்பர்த் தோட்டத்தில் பால் மரம் வெட்டிய வீட்டுப் பிள்ளை, இன்று ஈப்போ புந்தோங்கில் டயர் கடை முதலாளி. யாரும் தூக்கிவிடவில்லை, நானே ஏறினேன். என்னைச் சீண்டியவனைச் சும்மா விடுகிற பழக்கமும் எனக்கு இல்லை. பிள்ளை கையில் போன் கொடுத்திருக்கிற அப்பா அம்மாக்கள் இதைப் படிக்க வேண்டும்.

என் கடைசி மகள் படிவம் நாலு, பதினாறு வயது. ஒரு காலையில் பள்ளிக்குப் போகமாட்டேன் என்று படுத்துக்கொண்டாள். மறுநாளும் அப்படியே. மூன்றாம் நாள் அவள் அம்மா கெஞ்சியதும் போனை நீட்டினாள். அவள் பெயரில், அவள் முகத்தோடு, யாரோ ஒரு பொய்க் கணக்கு திறந்திருந்தார்கள். அதிலிருந்து கூடப் படிக்கிற பிள்ளைகளுக்கு அசிங்கமாகச் செய்தி போயிருந்தது. ஒருத்தியைக் கறுப்பி என்றும் இன்னொருத்தியைப் பிச்சைக்காரி என்றும். இவள்தான் எழுதினாள் என்று நம்பி வகுப்பே இவளோடு பேசுவதை விட்டுவிட்டது. ஒன்பது நாளாக மனதுக்குள் வைத்துப் புழுங்கியிருக்கிறாள்.

ஏன் சொல்லவில்லை என்று கத்தினேன்.

"சொன்னா போன பிடுங்கிடுவீங்க. அதான்."

பிடுங்கத்தான் கையை நீட்டியிருந்தேன். மடக்கிக்கொண்டேன்.

எங்கள் தோட்டம் செம்பனைக் காடாகி வெகுநாளாயிற்று. ஆட்கள் ஈப்போ, தாப்பா என்று பிரிந்து போனாலும் போனில் ஒரு குரூப் உண்டு, இருநூற்றுச் சொச்சம் பேர். தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் கதவைச் சாத்தாமல் வாழ்ந்தவர்கள் நாங்கள். குரூப்பையும் லயம் என்றே நினைத்தேன். மகள் வாங்கிய பரிசு, தீபாவளி உடுப்பு, டியூஷன் போகிற கிழமை, எல்லாவற்றையும் அதில் போடுவேன். பெருமைதான், வேறென்ன.

மகள்தான் கண்டுபிடித்தாள். பொய்க் கணக்கில் இருந்தது, அடுப்படியில் தோசைக்கரண்டியோடு அவள் நிற்கிற படம். அவள் எங்கேயும் போடாத படம். எடுத்தவன் நான், போட்டது குரூப்பில் மட்டும்.

"வெளியாள் இல்லப்பா. உங்க ஆளுதான்."

குரூப்பில் அத்தனை பேரையும் நாறடிக்கக் கிளம்பினேன். சத்தம் போட்டால் கணக்கை அழித்துவிட்டு ஓடிவிடுவான் என்று தடுத்தாள். கணக்கின் பெயரும் தேதியும் தெரிகிற மாதிரி ஒவ்வொரு செய்தியையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்தாள். அவனுக்குப் பதில் ஒரு எழுத்துகூட எழுதவில்லை.

ஆளைப் பிடித்தது என் மூளை. முன்பு கடையில் டயர் காணாமல் போனபோது, மூன்று வேலையாட்கள் அடுக்கும் டயர்களுக்குள் ஆளுக்கொரு சாக்பீஸ் குறி போட்டேன். வட்டக் குறி போட்ட டயர் பழைய டயர் விற்கிறவனிடம் கிடந்தது; திருடன் மாட்டினான். அதே வேலையை இங்கேயும் செய்தேன். குரூப்பில் தினமும் வாயடித்தும், நான் போட்ட எந்தப் படத்துக்கும் ஒருநாளும் கட்டைவிரல் காட்டாதவர்கள் மூன்று பேர். தனித்தனியாகக் கூப்பிட்டு, ஒருவரிடம் மகள் நடனம் கற்கப் போகிறாள் என்றேன். அடுத்தவரிடம் சிங்கப்பூர் போகிறாள் என்றேன். மூன்றாமவரிடம் தாப்பாவில் பள்ளி மாற்றுகிறேன் என்றேன். மூன்றும் பொய்.

நான்காம் நாள் பொய்க் கணக்கு எழுதியது: 'தாப்பா ஸ்கூலுக்குப் போறேன், இனி உங்கள மாதிரி குப்பைங்களோட படிக்க வேணாம்.'

அந்த மூன்றாமவர் எங்கள் பக்கத்து லயத்துக்காரர். எனக்குப் பின்னால் டயர் கடை வைத்து, என்னை எட்ட முடியாமல் போனவர். வாய் நிறைய அண்ணே என்று கூப்பிடுகிறவர்.

அடிக்கத்தான் வண்டியை எடுத்தேன். பொய் சொல்வானேன், சீட்டுக்கடியில் ஸ்பேனரும் இருந்தது. மகள் வந்து பக்கத்தில் ஏறிக்கொண்டாள். அடித்தால் நான்தான் உள்ளே போவேன், அவர் வெளியே சிரிப்பார் என்றாள். அந்தச் சிரிப்பை நினைத்ததும் வண்டியைப் போலீஸ் பாலாய்க்கு, அதான் ஸ்டேஷனுக்கு, திருப்பினேன். ஸ்கிரீன்ஷாட்டுகளை அச்செடுத்துக் கொடுத்தோம். பள்ளி ஆசிரியைக்கும் ஒரு பிரதி. அவர் வகுப்பில் நின்று, அந்தக் கணக்கு இவளுடையது இல்லை என்று சொன்னார்.

போலீஸ் கூப்பிட்டு விசாரித்த வாரமே, ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு அவர் வீட்டுக்கு வந்தார்.

"விளையாட்டுக்குச் செஞ்சேன் அண்ணே, மன்னிச்சிடுங்க. நீங்க ஓவரா பீத்திக்கிட்டீங்க, தாங்க முடியலலா. ஒரே தோட்டத்துத் தண்ணி குடிச்சவங்க நாம, ரிப்போர்ட்ட திரும்ப வாங்கிடுங்க."

"அடிபட்டவ உள்ள இருக்கா. அவகிட்ட கேளு."

மகள் காகிதங்களோடு வந்தாள். "அங்கிள், இதெல்லாம் என் பேர்ல நீங்க எழுதினது. சத்தமா படிங்க."

இரண்டு வரி படித்தார். அவருக்கும் ஒரு பெண் பிள்ளை உண்டு. மகள் அசையாமல் நின்றாள். அவர் காகிதத்தைக் கீழே வைத்துவிட்டார்.

"உங்களால படிக்கவே முடியல. நான் இதோட தினம் ஸ்கூலுக்குப் போனேன்."

ரிப்போர்ட் இருக்கட்டும் என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். என் வயிறு குளிர்ந்தது. வாழைப்பழத்தை அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்தேன். அவர் கேட்ட மன்னிப்பை இன்றுவரை நான் கொடுக்கவில்லை. கொடுக்கப் போவதும் இல்லை.

கேட்டைச் சாத்திவிட்டுத் திரும்பினால் மகள் கையை நீட்டிக்கொண்டு நிற்கிறாள். "அடுத்தது நீங்கப்பா. போன கொடுங்க."

குரூப்பில் நான் போட்ட அவள் படங்கள் என் போனில் அழிந்தன. மற்றவர்கள் போனில் இருப்பதை அழிக்க வழியில்லை என்றாள். திங்கட்கிழமை சீருடை போட்டுக்கொண்டு பள்ளிக்குப் போனாள். நான் கடையில் உட்கார்ந்து குரூப் ஆட்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, என் மகள் படத்தை அழி என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன். மழுப்புகிறவன் பெயரைக் கடைச் சுவரில் சாக்பீஸால் எழுதுகிறேன்.