சுல்தான் தின்ற எலுமிச்சைச் சாதம்

எனக்கு ஐந்து வயதாக இருந்தபோது வாரம் தவறாமல் என்னைப் பழைய பேப்பர் கடையில் நிறுத்துப் பார்த்தார்கள். பார்த்தவர் என் மாமா, அம்மாவின் தம்பி. அல்சூரில் எங்கள் சந்து முனையில் இருந்தது அந்தக் கடை. சனிக்கிழமை சாயங்காலம் பேப்பர் கட்டுகளை ஒதுக்கிவிட்டு, செருப்பைக் கழற்றச் சொல்லி, இரும்புத் தராசின் மேடைமேல் என்னை ஏற்றி நிற்கவைப்பார். கடைக்கார பாய் முதல் வாரமே கேட்டுவிட்டார்: "பேப்பர் ரேட்டா தம்பி, இரும்பு ரேட்டா?" மாமா சிரிக்கவில்லை. மற்ற எதற்கும் சிரிப்பவர், என் எடை விஷயத்தில் மட்டும் கோயிலில் நிற்பவர் போல நிற்பார்.

விஷயம் இதுதான். மாமா என்னை ஜாக்கி ஆக்கப் போகிறார், பந்தயத்தில் குதிரை ஓட்டும் ஜாக்கி. பதினாலு வயதில் அவரையே அப்படித்தான் ஒரு ரேஸ் லாயத்தில் சேர்த்துவிட்டார்களாம். இரண்டு வருடம் விடியற்காலையில் எழுந்து குதிரைகளை ஓட்டிப் பழகியிருக்கிறார். காலையில் அரை டம்ளர் காபி, மத்தியானம் ஒரு சப்பாத்தி என்று வயிற்றைக் கட்டியிருக்கிறார். அப்படியும் பதினாறாம் வயதில் யாரையும் கேட்காமல் ஆறு அங்குலம் வளர்ந்துவிட்டார். வளர்ந்த பையனுக்கு அங்கே குதிரைமேல் இடம் கிடையாது. தேய்த்துவிடவும் தீனி வைக்கவும் லாயத்தைக் கழுவவும்தான் வேண்டியிருந்தது. அந்த வேலை செய்பவரை சயீஸ் என்பார்கள். எனக்கு விவரம் தெரிந்தபோது மாமா, ஊருக்கு வடக்கே பணக்காரப் பிள்ளைகள் வந்து பழகும் ஒரு ரைடிங் ஸ்கூலில் சயீஸாக இருந்தார்.

தன் உயரத்துக்கு அவர் என் அம்மாவைத்தான் குற்றம் சொல்வார். ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வரும் தம்பியின் விலா எலும்பைப் பார்க்கப் பொறுக்காமல், அம்மா அவரை உட்காரவைத்து ராகிக் களியும் கீரைக் குழம்பும் போட்டது உண்மை. அந்தக் களிதான் தன்னைக் கெடுத்தது என்பது மாமாவின் கட்சி. அம்மா அதை ஒருநாளும் மறுத்ததில்லை. இன்னொரு உருண்டை போடுவாள், அவ்வளவுதான்.

அந்தக் கோடை விடுமுறையில் அம்மா ஆடுகோடியில் கார்மெண்ட்ஸ் வேலைக்குப் போனாள். அப்பா வைட்ஃபீல்டுக்கு ஆபீஸ் வண்டி ஓட்டினார். யு.கே.ஜி. முடித்த என்னை யாரிடம் விடுவது என்ற கேள்வி வந்ததும் மாமா முந்திக்கொண்டார். தினமும் காலை ஐந்தரைக்கு அவருடைய மொபெட்டின் முன்னால் நின்றுகொண்டு நான் குதிரை லாயத்துக்குப் போனேன். உலகத்தில் எந்தப் பிள்ளைக்கும் இப்படி ஒரு மாமா கிடையாது என்று எனக்குத் தலைகால் புரியாத கர்வம்.

என் குதிரைக்குப் பெயர் சுல்தான். உயரம் மாமாவின் இடுப்புக்குச் சற்று மேலே. உருண்ட வயிறு, கண்ணை மறைக்கும் பிடரிமயிர், யார் கையில் என்ன இருக்கிறது என்பதிலேயே குறியாக இருக்கும் மூக்கு. சின்னப் பிள்ளைகளுக்கென்று வைத்திருந்த மட்டக்குதிரை அது. சுல்தானுக்குத் தமிழ் தெரியாது என்று மாமா முதல் நாளே சொல்லிவிட்டார். "வாக் ஆன்", "ட்ராட்", "ஹோ" எல்லாம் இங்கிலீஷ் மீடியம். யு.கே.ஜி.யில் நான் கற்றுக்கொண்டதைவிட அதற்கு இங்கிலீஷ் அதிகம் தெரிந்திருந்தது.

முதல் வாரம் சேணம் கிடையாது. முதுகில் ஒரு கம்பளி, அதன்மேல் நான். கைகள் இரண்டையும் பக்கவாட்டில் விரித்துக்கொள்ள வேண்டும். என் முழங்காலுக்கும் குதிரையின் உடம்புக்கும் நடுவே மாமா இரண்டு பக்கமும் ஒவ்வொரு புங்க இலை வைப்பார். நீளமான கயிற்றின் ஒரு முனை சுல்தானிடம், மறுமுனை மாமாவிடம். சுல்தான் அவரைச் சுற்றி வட்டமாக நடக்கும். இலை விழுந்தால் அன்றைய பாடம் முடிந்தது. அழுதாலும் மறுபடி ஏறவிடமாட்டார். நான் மூன்று நாள் அழுதேன், நாலாவது நாள் இலை விழவில்லை. மாமா என்னை இறக்கவேயில்லை. வெயில் ஏறும்வரை சுற்றிக்கொண்டே இருந்தோம். கடைசியில் கம்பளியோடு சேர்த்து என்னைத் தூக்கிக்கொண்டு, "பொறக்கும்போதே ஜாக்கி நீ" என்றார்.

வீட்டில்தான் சண்டை. தராசு சமாசாரம் பாய் வாய்வழியாக அம்மா காதுக்குப் போனதும் அவள் கரண்டியும் கையுமாக வந்து நின்றாள்.

"டேய், நீ பட்டினி கெடந்தது போதாதா? எம் பொண்ணையும் காயப் போடப் போறியா?"

யாரும் காயப் போடவில்லை, கண்டபடி திணிக்காதே என்றுதான் சொல்கிறேன் என்று மாமா விளக்கினார். ஜாக்கி என்றால் காற்று மாதிரி இருக்கவேண்டும், ஒரு கிலோ கூடினாலும் குதிரைக்குத் தெரியும், ஒரு கிலோவில் பந்தயமே போய்விடும் என்றார். எனக்கு நல்ல ஞாபகம். நான் பாயில் படுத்துக்கொண்டு தூங்குவது போல் நடித்துக்கொண்டிருந்தேன். பெரியவர்கள் பேச்சில் எனக்குப் புரிந்தது அந்த ஒரு கிலோ மட்டும்தான்.

மறுநாளிலிருந்து நான் சாப்பிடுவதை நிறுத்திவிட்டேன். வீட்டில் முடியாது. அங்கே அம்மா கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். ஆனால் மத்தியானச் சாப்பாடு டப்பாவில் என்னோடு லாயத்துக்கு வரும். மாமா அந்த நேரத்தில் பெரிய குதிரைகளுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருப்பார். நான் டப்பாவை எடுத்துக்கொண்டு சுல்தானின் கதவருகே உட்காருவேன். சர்க்கரை தடவிய சப்பாத்தி, தயிர்சாதம், எலுமிச்சைச் சாதம், எதையும் அது வேண்டாம் என்றதில்லை. காரமாக இருக்குமே என்று மிளகாயை மட்டும் பொறுக்கி எடுத்துவிடுவேன். வேர்க்கடலையை ஒவ்வொன்றாக உதட்டால் தேடி எடுக்கும். எனக்கு வயிறு கிள்ளும். அதன் மூச்சுக்காற்று என் உள்ளங்கையில் சுடச்சுடப் படும்போது பசி கொஞ்சம் மறந்துபோகும்.

அடுத்த சனிக்கிழமை தராசு முள் அரைக் கிலோ இறங்கியிருந்தது. மாமா முகத்தில் வந்த சந்தோஷத்தை நான் பார்த்தேன். அந்தச் சந்தோஷத்துக்காக இன்னும் பத்து டப்பாவை சுல்தானுக்குக் கொடுத்திருப்பேன்.

அம்மாவுக்கு மட்டும் சந்தேகம். பிள்ளை ஏன் இப்படிக் கறுத்துப்போய்விட்டாள், கன்னம் ஏன் ஒட்டிவிட்டது என்று புலம்பினாள். அதற்கு அவள் கண்ட வைத்தியம், டப்பாவைப் பெரிதாக்குவது. ஒரு செவ்வாய்க்கிழமை எனக்கு மூன்றடுக்குக் கேரியர் வந்தது. மூன்றடுக்கிலும் எலுமிச்சைச் சாதம். நேர்மையாக மூன்றையும் சுல்தானுக்குக் கொடுத்தேன்.

இரண்டு மணிக்கு சுல்தான் முன்னங்காலால் தரையைப் பறிக்க ஆரம்பித்தது. திரும்பித் திரும்பித் தன் வயிற்றையே பார்த்தது. பிறகு படுத்துப் புரண்டது. குதிரைக்கு வாந்தி எடுக்கத் தெரியாது, வயிற்றில் ஒன்று அடைத்துக்கொண்டால் உயிருக்கே ஆபத்து என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. மாமா அதை இழுத்து நிறுத்தி, படுக்கவிடாமல் நடக்கவைத்தார். வெயிலில் சுற்றிச் சுற்றி நடந்தார். டாக்டர் வந்தார். ஊசி போட்டு, மூக்கு வழியாகக் குழாய் விட்டு எண்ணெய் இறக்கினார். என்ன தின்றது என்று கேட்டார். புல்லும் கொஞ்சம் தவிடும்தான் என்றார் மாமா. சொல்லிக்கொண்டே சுல்தானின் வாயைத் துடைத்தவர், துணியைப் பார்த்து அப்படியே நின்றார். துணியில் மஞ்சள் மஞ்சளாக நாலைந்து சோற்றுப் பருக்கை.

அவர் நேராக என்னிடம் வந்து, பக்கத்தில் இருந்த காலிக் கேரியரைத் திறந்து பார்த்தார். என் முன்னால் குந்தி உட்கார்ந்தார்.

"எத்தன நாளா, கண்ணு?"

எனக்கு எண்ணத் தெரிந்தவரை எண்ணிச் சொன்னேன். ஏன் என்று கேட்டார். ஒரு கிலோ கூடினால் குதிரைக்குத் தெரிந்துவிடுமே என்றேன். அவர் பாராட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் என் கையைப் பிடித்து, மணிக்கட்டைத் தன் இரண்டு விரலால் வளைத்துப் பார்த்தார். விரல் இரண்டும் சேர்ந்து, அதற்கு மேலும் இடம் இருந்தது. வெகுநேரம் அந்தக் கையை விடவில்லை.

ரைடிங் ஸ்கூலை நடத்தும் மேடம் வந்து கேட்டபோது, "நாந்தான் மேடம் குடுத்தேன், மிஞ்சின சோறு, தப்பாயிடுச்சு" என்றார். எனக்கு வந்ததே கோபம். தினமும் மிளகாய் பொறுக்கி ஊட்டியவள் நான், பெயர் வாங்குவது இவரா? உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தேன். மாமா என் தலையைத் தன் தொடையோடு அணைத்து அழுத்திக்கொண்டார். மேடம் கன்னடத்திலும் இங்கிலீஷிலும் மாறி மாறித் திட்டினார். இத்தனை வருஷ வேலையில் இதுகூடத் தெரியாதா என்று எல்லார் முன்னாலும் கேட்டார். மாமா குனிந்த தலை நிமிரவில்லை.

ஆறு மணிவாக்கில் சுல்தான் வாலைத் தூக்கி லத்தி போட்டது. லாயமே கைதட்டியது. டாக்டர் சிரித்தார், மேடமே சிரித்துவிட்டார். மாமா மட்டும் சுல்தானின் கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, யாராவது கூப்பிடும்வரை நிமிராமல் நின்றார்.

கிளம்புவதற்கு முன் என்னைச் சேணம் வைக்கும் அறைக்குக் கூட்டிப்போனார். மூலையில் யாரோ தானமாகக் கொடுத்த பழைய பந்தயச் சேணத் துணி ஒன்று தொங்கியது. அதில் சின்னச் சின்னப் பைகள். ஒரு பையிலிருந்து தட்டையான ஈயத் தகடு ஒன்றை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். கை தாழ்ந்துபோனது.

"ரேஸ்ல ஒரு கணக்கு இருக்கு. அந்த வெயிட்டுக்குக் கம்மியா இருக்கற ஜாக்கிக்கு இத வெச்சுக் கட்டிடுவாங்க. பாக்கறவங்கல்லாம் சிரிப்பாங்க, பாப்பா. நல்ல ஜாக்கின்னா வெயிட்டு ஒடம்புல இருக்கணும். ஈயத்துல இருக்கக்கூடாது."

ஒரு கிலோ கூடினால் என்ன ஆகும் என்று கேட்டேன். கூடினால்தான் நல்லது, தனக்குத் தெரியாமல் இத்தனை நாள் தப்பாகச் சொல்லிவிட்டதாகச் சொன்னார். ஈயத் தகடு கட்டுவது உண்மை. மற்றதெல்லாம் என் காதில் அவர் சுற்றிய பூ. ஆனால் என் கையில் இருந்த தகட்டின் கனம் நிஜமாக இருந்ததால் மொத்தத்தையும் நம்பினேன். யாராவது என்னைப் பார்த்துச் சிரித்துவிடுவார்களோ என்று பயமாகக்கூட இருந்தது.

வழியில் அல்சூர் ஏரிப் பக்கம் ஒரு தோசைக் கடையில் மொபெட்டை நிறுத்தினார். எனக்கு ஒரு மசால் தோசை சொன்னார். சூடு ஆறும்வரை பிய்த்துப் பிய்த்து ஊதினார். நான் தின்றேன். பதினைந்து நாள் பசி அது. இன்னொன்று சொன்னார். அதையும் தின்றேன். வாயோரத்தில் ஒட்டிய சட்னியைக் கட்டைவிரலால் துடைத்துவிட்டு, "சாக்கா? போதுமா, இன்னும் வேணுமா?" என்று கேட்டார். ஜாக்கிக்கு எத்தனை தோசை வேண்டும் என்று நான் திருப்பிக் கேட்டேன்.

"நெறைய வேணும் கண்ணு. நல்லா வளரணும்ல?"

மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து நான் மெல்லுவதையே பார்த்துக்கொண்டிருந்தார். கண் கலங்கியிருந்தது. அடுப்புப் புகை என்று நினைத்தேன். எனக்குக் கொடுக்கும் ஒவ்வொரு வாயிலும் தன் ஜாக்கி ஆசையைக் கைவிட்டுக்கொண்டிருக்கிறார் என்று அந்த வயதில் எனக்கு எப்படித் தெரியும்? மூன்றாவது தோசையை நானே கேட்டு வாங்கி, அவருக்காகச் சீக்கிரம் ஜாக்கி ஆகிவிட வேண்டுமென்று அவசர அவசரமாகத் தின்றுகொண்டிருந்தேன்.