ஒந்து கண்டெ

பெங்களூர் விமான நிலையம் ஊருக்குள்ளேயே இருந்த காலம். இரண்டாயிரம் பிறக்க ஒன்றிரண்டு வருஷம் இருந்திருக்கும். ஹைதராபாத்தில் வாழ்க்கைப்பட்ட என் மகளுக்குத் தலைப்பிரசவம். பஸ் குலுக்கல் ஆகாது என்று டாக்டரம்மா சொல்லிவிட்டதால், விமானத்தில் ஏற்றிவிடுகிறேன் என்றார் மாப்பிள்ளை. அவருக்கு லீவு கிடைக்கவில்லை. மகள் தனியாகத்தான் வந்தாள்.

ஸ்ரீராம்புரத்தில் எங்கள் வீட்டில் அப்போது போன் இல்லை. பக்கத்து வீட்டுக் கன்னடக்கார அம்மாவிடம்தான் தகவல் வரும். அன்று காலை அந்த அம்மா எட்டிப் பார்த்து, "அங்க பத்து மணிக்குக் கெளம்புதாம்ணா. ஒந்து கண்டெ அந்தெ" என்றார்.

சரி, ஒரு மணிக்கு வந்து இறங்கும் என்று நினைத்துக்கொண்டேன். மகள் கல்யாணத்துக்கு அந்த ஊருக்குப் பஸ்ஸில் போனோம். சாயங்காலம் ஏறி விடிந்துதான் இறங்கினோம். வழியில் தின்ற இட்லிக்குச் சட்னி வேறு புளித்துப்போயிருந்தது. அத்தனை தூரத்தை மூன்று மணி நேரத்தில் கடப்பதே எனக்கு அதிசயம். அதனால் சந்தேகமே வரவில்லை. நிதானமாக மார்க்கெட் போய், அவளுக்குப் பிடிக்குமே என்று அவரைக்காய் வாங்கி வீட்டில் கொடுத்துவிட்டுப் பஸ் ஏறினேன்.

அரைமணி முன்னாலேயே வந்துவிட்ட பெருமையோடு வாசலில் விசாரித்தேன்.

"ஹைதராபாத் ப்ளைட்டா? அது வந்து ரொம்ப நேரமாச்சே. எல்லாரும் போயாச்சு" என்றார் காவலாளி.

கன்னடத்தில் கடிகாரம் காட்டும் ஒரு மணியும் ஒந்து கண்டெதான், ஒரு மணி நேரமும் ஒந்து கண்டெதான். இத்தனை வருஷம் அந்த பாஷையில் புழங்கியும் எனக்கு அப்போதுதான் உறைத்தது. 'நான் வராம எங்கயும் நகராதே' என்று மகளிடம் சொல்லி வைத்ததும் நான்தான். நிறைமாதத்தை நெருங்குகிற பிள்ளை, எங்கே போய் நிற்கிறாளோ?

அங்கும் இங்கும் ஓடினேன். டாக்ஸிகள் நிற்கிற பக்கத்தில், மரநிழலில், நாலு கதவும் திறந்த ஒரு வண்டி. பின்சீட்டில் கால் நீட்டிப் படுத்திருந்தாள் மகள். வெளியே வெயிலில் குந்தியிருந்த டிரைவர் என் முகத்தைப் பார்த்ததுமே புரிந்துகொண்டார்.

"என்னா யஜமான்ரே, பொண்ண ப்ளைட்ல வரவெச்சிட்டு நீங்க நடந்தே வர்றீங்களா?"

மகள் சிரித்துவிட்டாள். எனக்குத்தான் கண் கலங்கிவிட்டது.

அவள் தலை சுற்றி நின்றதைப் பார்த்து அவர்தான் கைப்பிடித்துக் கூட்டிவந்து படுக்க வைத்தாராம். போன் போட்டுப் பார்த்தாராம், பக்கத்து வீட்டில் யாரும் எடுக்கவில்லை. வீட்டுக்கே கொண்டுபோய் விடுகிறேன் என்றதற்கு, அப்பா நகரக் கூடாது என்று சொல்லியிருக்கிறார் என்று இவள் அடம். தன் டப்பாவில் இருந்த மோர் சாதத்தை அவளைச் சாப்பிட வைத்துவிட்டு, வந்த சவாரிகளை எல்லாம் வேறு வண்டிக்குக் கைகாட்டி அனுப்பிக்கொண்டிருந்தாராம்.

"பயந்துட்டியாம்மா?" என்று கேட்டேன்.

"மொதல்ல பயமாத்தான்பா இருந்திச்சு. இவருதான், 'அப்பா வந்துருவாரும்மா, வராம இருக்க மாட்டாரு'ன்னு சொல்லிட்டே இருந்தாரு."

பேரனுக்கு இப்போது மீசை முளைத்துவிட்டது. என்னைக் கண்ணால்கூடப் பார்த்திராத அந்த மனிதர், நான் வந்துவிடுவேன் என்று எனக்காக அன்று வாக்குக் கொடுத்திருந்தார். அப்பன் என்கிற பேரை அவர் எனக்குக் காப்பாற்றிக் கொடுத்ததாகத்தான் இன்றைக்கும் நினைத்துக்கொள்கிறேன்.