உப்பு போட்ட முட்டி

பிள்ளைங்களா, உங்கப்பா எட்டாவது வரைக்கும்தான் படித்தவன். ஆனால் குருத்தெலும்பில் எவ்வளவு தண்ணி, எவ்வளவு சத்து என்று அளக்க எனக்கு நன்றாகவே தெரியும். தெரிந்துகொண்ட கதையை எழுதி வைக்கிறேன்.

ஆம்பூரில் தோல் பதம் போடுகிற ஷாப்பில் ஆறு வருஷம் இருந்துவிட்டு, வேலூரில் ஒரு ஆஸ்பத்திரி லேபில் சேர்ந்தேன். மூணு மாசம் பார்த்துவிட்டுத்தான் நிரந்தரம் என்றார் லேபைப் பார்த்துக்கொள்கிற டாக்டரம்மா. ஆட்டு முட்டிக்குள் எலும்பு நுனியில் வழுவழுவென்று இருக்கிற குருத்தை பிளேடால் சீவி, உடனே நிறுக்க வேண்டும். சூட்டுப் பெட்டியில் காயவைத்து மறுபடி நிறுக்க வேண்டும். இனி எடை குறையாது என்று ஆனபிறகு பார்த்தால், குறைந்ததெல்லாம் தண்ணி. காய்ந்ததைப் பப்பாளிப் பாலில் செய்த பொடியால் கரைத்து, ஆசிட்டும் மருந்தும் சேர்த்தால் ரோஸ் நிறம் வரும். நிறம் ஏற ஏற, தண்ணியைப் பிடித்து வைக்கிற சத்து ஜாஸ்தி.

மூணாவது மாசக் கடைசியில் ஒரு முட்டிக்குத் தண்ணி ரொம்பக் கம்மியாக வந்தது.

"இன்னாப்பா, இந்த ஆடு தண்ணியே குடிக்கலையா?" என்றார் டாக்டரம்மா. முகத்தில் சிரிப்பில்லை. "நிறுக்க வரலைன்னா சொல்லிடு, வேற ஆளைப் பாத்துக்கறேன்."

"நிறுத்தது சரிம்மா. மூணு வாட்டி பாத்தேன்."

தராசில் என் கை தப்பாது. காய்ந்த குருத்து இருந்த தட்டைச் சன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன். ஓரமெல்லாம் வெள்ளையாகப் பூத்திருந்தது. ஆறு வருஷம் தோலில் பார்த்த பூப்பு அது. உப்பு!

முந்தின நாள்தான் முதல் தடவையாக ஊரிலிருந்து நானே முட்டி கொண்டுவந்தேன். காலையில் ஆம்பூர் கசாப்புக்கடை பாய் முட்டியைப் பிளந்து கொடுத்ததும், ரயிலில் கெடக்கூடாதென்று ஒரு பிடி உப்பு தேய்த்தேன். பச்சைத் தோல் வந்தால் எங்களுக்கு முதல் வேலையே அதுதான். அதனால் தப்பென்றே தோணவில்லை. அந்த உப்புதான் தண்ணியை இழுத்துவிட்டது. வாயை மூடிக்கொண்டிருந்தால் சூட்டுப் பெட்டிதான் ரிப்பேர் என்று பழி அதன் மேல் போயிருக்கும்.

"உப்பு போட்டது நான்தாம்மா."

தட்டை வாங்கிப் பார்த்தவர் சிரித்துவிட்டார். "முட்டியையும் பதம் போட்டுட்டியா? நாளைக்கு வேற கொண்டா."

மறுநாள் டிபன் கேரியர் கீழ்த் தட்டில் ஐஸ், மேல் தட்டில் முட்டி.

"முட்டிக்கு ஐஸா? இன்னாபா, அது மாப்பிள்ளையா?" என்றார் பாய்.

தண்ணி சரியாக வந்தது, ரோஸ் நிறமும் வந்தது. டாக்டரம்மா நோட்டில் எழுதி முடித்து, தராசு அலமாரிச் சாவியை என் கையில் கொடுத்தார். அன்றிலிருந்து அந்தச் சாவி என் இடுப்பில்தான்.