ஓடுகிற வண்டியை அணைக்கச் சொன்ன ஸ்டெல்லா அக்கா

செய்தி வந்தபோது சிங்கப்பூர் டெக்கா சந்தையில் மீன் கடை முன்னால் நின்றுகொண்டிருந்தேன். ஸ்டெல்லா அக்காவின் மகள் ரெஜினா போனில் பேசினாள். "மாமா, அம்மா போயிட்டாங்க. தூக்கத்திலேயே." கடைக்காரர், "அண்ணே, கொடுவாவை வெட்டணுமா, முழுசா வேணுமா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். இரண்டுக்கும் தலையாட்டினேன் போலிருக்கிறது. மீனை அப்படியே விட்டுவிட்டு வந்துவிட்டேன். அழுகையோடு கோபமும் வந்தது. முந்தின ஞாயிறுகூட நான் பிரேக் போடும் லட்சணத்தைத் திட்டிக்கொண்டு வந்த மனுஷி, இப்படிச் சொல்லாமல் கொள்ளாமல் போவதாவது!

செம்பவாங்கில் எங்கள் வட்டார மாதா கோயில் வேனில் ஞாயிறு பூசைக்குப் போகிறவர்களுக்கு அவரை நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். அவர் ஓய்வுபெற்ற ஆஸ்பத்திரித் தாதி. முழங்கால் போன பிறகு ஒரு கைத்தடியும் அந்த வேனின் முன் இருக்கையும் அவருடைய சொத்து. நான் ஓய்வுபெற்ற பஸ் ஓட்டுநர், அவருக்கு எதிர்வீடு, முருகன் கோயில்காரன். என்னைக் கையைப் பிடித்து ஃபாதரிடம் இழுத்துப்போய், "இவன் சாமி வேற, ஆனா ஓட்டுறது நிதானம். இவனையே போடுங்க ஃபாதர்" என்று வேலையில் சேர்த்துவிட்டவர் அவர்தான்.

அந்த வேனுக்கு ஒரு வியாதி வந்தது. சில ஞாயிறுகளில் ஸ்டார்ட் ஆகாது. சாவியைத் திருப்பினால் சத்தமே இருக்காது. அடுத்த ஞாயிறு ஒன்றுமே நடக்காதது போல ஓடும். பட்டறைக்குக் கொண்டுபோனால் எத்தனை தடவை திருப்பினாலும் பொசுக்கென்று கிளம்பிவிடும். பட்டறைக்கார சீனர் பேட்டரியை மாற்றினார், ஸ்டார்ட்டரைக் கழற்றிப் பார்த்தார். "வண்டி ஓகே லா அங்கிள்" என்றார், நான் ஏதோ பொய் சொல்கிறேன் என்பது போல. எனக்கு வந்த ஆத்திரத்தைச் சொல்லி முடியாது.

வண்டி நின்றதும் நாங்கள் செய்த வைத்தியமும் சாதாரணமானது அல்ல. பின்னால் இருந்து இரண்டு பெரியவர்கள் தள்ளுவார்கள். ரோசலின் ஆன்ட்டி சத்தமாக ஜெபமாலை சொல்வார். நான் சாவியை உருவி, ஊதி, மறுபடி குத்துவேன், கியரை ஆட்டுவேன். எல்லாம் ஒரே நேரத்தில் நடக்கும். திடீரென்று ஸ்டார்ட் ஆகும். ரோசலின் ஆன்ட்டி, மாதா காப்பாற்றிவிட்டாள் என்பார். தள்ளியவர்கள், நாங்கள்தான் என்பார்கள். ஸ்டெல்லா அக்கா மட்டும் கடுகடுவென்று உட்கார்ந்திருப்பார். "ஆளாளுக்கு மருந்து கொடுத்தா எந்த மருந்து கேட்டுச்சுன்னு எப்படித் தெரியும்?" என்பார்.

ஃபாதர் நல்ல மனிதர், ஆனால் பொறுமைக்கும் எல்லை உண்டு. வயதானவர்களை இப்படி நடுவழியில் தவிக்க விடுவது தப்பு, இன்னொரு தடவை நின்றால் வேன் சேவையையே நிறுத்திவிடுவோம், பூசையை வீட்டில் டிவியில் பார்க்கட்டும் என்று சொல்லிவிட்டார். வேனில் எல்லாருடைய முகமும் தொங்கிப்போனது. வாரம் முழுவதும் வீட்டுக்குள் கிடக்கும் அவர்களுக்கு அது ஒன்றுதான் வெளியுலகம். ஸ்டெல்லா அக்கா சீறினார்: "டிவியில பூசை பார்க்கலாம். டிவியில ரோசலின்கூடச் சண்டை போட முடியுமா?"

அடுத்த ஞாயிறு காலை, எங்கள் அடுக்குமாடி புளோக்கின் கார் நிறுத்துமிடத்தில், எல்லாரும் ஏறி உட்கார்ந்த பிறகு சாவியைத் திருப்பினேன். சத்தமே இல்லை. தள்ளுவதற்காகப் பெரியவர்கள் எழுந்தார்கள்.

"யாரும் ஒண்ணையும் தொடக்கூடாது!" என்று ஒரு சத்தம். வார்டையே அடக்கிய குரல் அல்லவா, ரோசலின் ஆன்ட்டியின் ஜெபமாலைகூட நின்றுவிட்டது. "பாலா, கையை எடு. நோயாளி இப்பத்தான் நம்ம முன்னால மயங்கி இருக்கான். இப்பப் பார்க்காம எப்பப் பார்க்கிறது?"

கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்து டாஷ்போர்டைப் பார்த்தார். "இந்தச் சிவப்பு சாவிப் படம் ஏன் சிமிட்டுது? போன வாரம் ஓடினப்ப இது சிமிட்டலையே." எனக்குத் தெரியவில்லை. "சரி. பட்டறையில இல்லாதது, இங்க மட்டும் இருக்கிறது என்ன?"

"ஆளுங்கதான்" என்றேன்.

"ஆளு ஏறினா சாவிப் படம் ஏன்டா சிமிட்டும்? சாவியைப் பாரு."

பார்த்தேன். பஸ் ஓட்டிய காலத்திலிருந்தே எதையும் தனியாக வைக்க மாட்டேன், தொலைந்துவிடும். ஞாயிறுதோறும் மாதா கோயில் அலுவலகத்தில் வாங்கும் சாவிக் கொத்தை வேன் சாவியோடு கோத்துவிடுவேன். மண்டபத்துச் சாவி, மாதா பதக்கம், கேட் திறக்கும் பிளாஸ்டிக் வில்லை எல்லாம் அதில் தொங்கும். பட்டறைக்குப் போகும்போது கோயில் கொத்து வெளியாள் கைக்குப் போகக்கூடாது என்று கழற்றிக் கொடுத்துவிட்டு, வெறும் சாவியோடுதான் போவேன்.

"எல்லாத்தையும் கழட்டு" என்றார். கழற்றினேன். திருப்பினேன். வண்டி கிளம்பியது! வேனே அதிர்ந்தது. நான் கியரைப் போடப்போனேன். கைத்தடி என் கைமேல் விழுந்தது.

"அணை."

"என்னக்கா! பூசைக்கு நேரமாச்சு!"

"ஒருதடவை ஓடினா அது அதிர்ஷ்டம். மறுபடி கெடுத்து, மறுபடி சரியாக்கணும். அப்பத்தான் வைத்தியம்."

ஓடுகிற வண்டியை அணைக்கச் சொல்கிறாளே என்று பின்னால் ஒரே கூச்சல். மறுபடி கிளம்பாவிட்டால் வேனே போய்விடும் என்று எல்லாருக்கும் தெரியும். அணைத்தேன். பதக்கத்தை மட்டும் மாட்டச் சொன்னார். ஓடியது. மண்டபத்துச் சாவி. ஓடியது. கேட் வில்லையை மாட்டி, சாவியின் தலையோடு ஒட்டிப் பிடிக்கச் சொன்னார். சத்தமில்லை, சிவப்பு விளக்கு சிமிட்டியது. வில்லையைக் கழற்றினேன். கிளம்பியது! அந்தக் கைதட்டல் பத்தாவது மாடிவரை கேட்டிருக்கும். கல்யாண ஊர்வலம் மாதிரி ஹார்ன் அடித்துக்கொண்டே போனேன். பூசைக்குத் தாமதம்தான், ஆனால் ஸ்டெல்லா அக்கா கைத்தடியை உயர்த்திக்கொண்டு உள்ளே நுழைந்த அழகைப் பார்த்து ஃபாதருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

பட்டறைக்காரர் பிறகு விளக்கினார். வேன் சாவியின் தலையில் ஒரு சின்ன மின்னணுச் சில்லு இருக்கிறதாம், வண்டி அதை அடையாளம் கண்டால்தான் கிளம்புமாம். கேட் வில்லைக்குள்ளும் ஒரு சில்லு. இரண்டும் ஒட்டித் தொங்கும் நாளில் வண்டி குழம்பிவிடும், விலகித் தொங்கினால் ஓடும். அன்றிலிருந்து அந்த வில்லை ஸ்டெல்லா அக்காவின் கைப்பையில்தான். கேட் வந்ததும் ஜன்னல் வழியே மகாராணி போல நீட்டுவார். வேன் அதன் பிறகு ஒரு ஞாயிறுகூட நிற்கவில்லை.

அடக்கத்தன்று வேனில் வருகிறவர்கள் எல்லாரையும் நான்தான் ஏற்றிக்கொண்டு போனேன். ரெஜினா கைப்பையிலிருந்து வில்லையை எடுத்து என் கையில் கொடுத்தாள். முன் இருக்கையில் யாரும் உட்காரவில்லை. வில்லையை அதன்மேல் வைத்தேன். சாவியைத் திருப்பினேன், முதல் தடவையிலேயே கிளம்பியது. நான் அணைத்தேன்.

இந்த முறை பின்னாலிருந்து ஒருவர்கூடக் கூச்சல் போடவில்லை. ரோசலின் ஆன்ட்டி மட்டும் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "ம், மறுபடி போடு பாலா" என்றார். போட்டேன். கிளம்பியது, அக்கா.